டிரிங்கோமலி: மலபார்த் தேக்கில் எழுந்த போர்க்கப்பல் (கேள்வி பதில்)

'டிரிங்கோமலி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர் எப்படி வந்தது?

1782 செப்டம்பரில் திருகோணமலைக் கடலில் ஹியூஸின் பிரிட்டிஷ் கப்பற்படையும் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதிய போரின் நினைவாக வந்தது. அந்தப் போரில் இரு தரப்புக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. துறைமுகமோ அதற்குச் சில நாட்கள் முன்பே பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டது.

வடிவமைப்பு யாருடையது?

மூலவடிவம் பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பாளர் சானே வரைந்தது. அவருடைய 'ஹேபே' கப்பலை 1782இல் பிடித்த பிரிட்டிஷார், அதை அளந்து 'லீடா' வகை ஃபிரிகேட்டுகளை, அதாவது வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்களை, உருவாக்கினார்கள். டிரிங்கோமலிக்கான வரைபடங்களைப் பம்பாய்க்குக் கொண்டு சென்ற பிரிட்டிஷ் 'ஜாவா' கப்பல் 1812 டிசம்பரில் அமெரிக்கரிடம் வீழ்ந்ததால், மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் கட்டாமல் பம்பாயில் கட்டியது ஏன்?

நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. பம்பாயிலோ மலபார்த் தேக்கும், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்த பார்சி வாடியா குடும்பமும் இருந்தன. ஓக்கிலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசை அவற்றைக் காக்கும் என்பதால், மரமும் ஆணியும் ஒன்றையொன்று கெடுக்காமல் நெடுங்காலம் நின்றன. 1816இல் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், கிடத்தப்பட்டபோது, பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடிக்கப்பட்டது. தலைமைக் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. இதன் பெருமையில் பெரும்பங்கு அந்தப் பட்டறைக்கே உரியது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய போர் எதிலாவது ஈடுபட்டதா?

இல்லை. கப்பல் முடிந்தபோது நெப்போலியப் போர்களும் முடிந்துவிட்டன. 1819இல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்து, 1845 வரை பணியின்றிக் கிடந்தது. பின்னர் பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, பின்புறத்தை மாற்றிக் கட்டி, கொர்வெட், அதாவது ஃபிரிகேட்டைவிடச் சிறிய வகைப் போர்க்கப்பல், ஆக்கினார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் பணியாற்றியது.

உடைக்கப்படாமல் தப்பியது எப்படி?

பயிற்சிக் கப்பலாக இருந்து 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டதை, வீட்லி காப் என்பவர் மீட்டார். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பழைய தலைமைக் கப்பலான 'ஃபூத்ரோயான்'டை வாங்கி வைத்திருந்த அவர், அதே ஆண்டு பிளாக்பூல் கரையில் புயலில் அதை இழந்திருந்தார். அந்தப் பெயரையே இதற்கும் சூட்டினார். 1986 வரை அது இளைஞருக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் சீரமைப்புத் தொடங்கி, 1992இல் பழைய பெயர் திரும்பி, 2001இல் பணி நிறைவடைந்தது. இன்றும் அங்கே மிதக்கிறது. மரத்தில் பாதிக்கு மேல் பம்பாயில் பொருத்திய அதே தேக்குதான்.