கணவாய் ஏற்றமும் இறக்கமும், மேலே ஓர் இரவும்: ஃபோர் வீல் வண்டி கேள்வி பதில்

பிக்கப், ஜீப் ரக வண்டிகளில் கரடுமுரடான மலைக் கணவாய்களில் ஏறி, மேலேயே கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். பதில்கள் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் அடுக்கு) உள்ள வண்டிகளுக்கு.

அண்ணா, நீண்ட இறக்கத்தில் பாதி தூரம் போனதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பேடு புதுசுதான். என்ன காரணம்?

பேடு இல்லை, பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலிப்பரில் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ஆவிக் குமிழ் உண்டானதும் உங்கள் கால் குமிழைத்தான் அமுக்குகிறது, பேடை அல்ல. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். அதனால்தான் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு: 2,500 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 12 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் சூடு அது. அத்தனையையும் நாலு டிஸ்க்கின் தலையில் கட்டாதீர்கள், இன்ஜினிடம் கொடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நின்று லோ ரேஞ்ச், முதல் கியர் போடுங்கள். க்ளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை 1-ல் பூட்டுங்கள், டி-யில் விடாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு, சுருக்கமாக, அழுத்தமாகத் தொடுங்கள். கால் அதிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது.

பெடல் பஞ்சாகிவிட்டால் படபடவென்று பம்ப் செய்து, சமதளம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிடும். அதை நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. அதுவும் இதேதானா?

இல்லை, அது பேடு சூடேறிப் பிடிப்பை இழப்பது. கருகல் வாடை வரும். ஆற விடுவதுதான் அதற்கும் வழி. இன்ஜின் நின்றுபோயிருந்தாலும் பெடல் கல்லாகும். அதற்கான காரணம் அடுத்த பதிலில்.

செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? க்ளட்ச்சை அமுக்கிப் பின்னால் உருளவிடலாமா?

கூடவே கூடாது. க்ளட்ச்சை அமுக்கிய நொடியில் வண்டி உங்கள் கையில் இல்லை. இன்ஜின் நின்ற பின் பிரேக் பூஸ்டரில் (இன்ஜினின் வேக்குவத்தால் மிதியை இலகுவாக்கும் பாகம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. ஆகவே பெடலை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கூட வந்தவரை மேட்டுப் பக்கமாக இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டிக்குக் கீழ்ப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

பிறகு பிரேக்கை விடாமலே க்ளட்ச் அமுக்கி லோ ரேஞ்ச் ரிவர்ஸ் போட்டு, க்ளட்ச்சை முழுக்க விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள், கால் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். இன்ஜினின் கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவதன் எதிர்ப்பு) வண்டியைப் பிடித்து நிற்கும். இப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே வண்டியை நகர்த்தி இன்ஜினையும் எழுப்பும், இன்ஜின் பிரேக்கிலேயே நேராகக் கீழே வந்துவிடலாம். க்ளட்ச் அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், கால் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் க்ளட்ச்சை முழுக்க விட்ட பிறகே பிரேக்கை விடுங்கள்.

பாதியில் வண்டியைத் திருப்பலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. வண்டி சரிவுக்குக் குறுக்கே திரும்பினால் கவிழ்வதற்கு ஒரு சின்னக் கல் போதும். மறுபடி ஏறுமுன் நடந்து போய்ப் பாருங்கள். உதிரி மண் ஏற்றத்தில் முதல் கியர் சக்கரத்தைச் சுழல வைக்கும், லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் பல நேரம் நன்றாகப் பிடிக்கும்.

கீழே 35 பிஎஸ்ஐ அடித்தேன். மேலே போனால் கூடுமா, குறையுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இருவர் சொல்வதும் பாதி சரி. 3,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலரை பிஎஸ்ஐ போலக் குறைவு. அதனால் டயரின் வெப்பம் மாறாவிட்டால் கேஜ் 39-க்கு மேல் காட்டும். ஆனால் 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் நாலு பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஒன்றையொன்று கழித்து ஏறக்குறைய பழைய 35-லேயே நிற்கும். வெயில் பட்ட டயரில் அளந்து குழம்பாமல், காலையில் நகர்த்துமுன் அளவு பாருங்கள்.

காற்று எவ்வளவு குறைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. கல் பாதைக்கு 22 முதல் 25, நெகிழ்ந்த மண்ணுக்கு 18 முதல் 20. லோடு அதிகம் என்றால் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். 15-க்குக் கீழே போனால் பக்கவாட்டுச் சரிவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கு அடித்துவிடுங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறிக் கிழியும்.

4,000 மீட்டரில் பெட்ரோல் வண்டிக்குப் புல்லிங்கே இல்லை. பம்ப் கோளாறா?

காற்றே குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். லோ ரேஞ்சுக்கு முன்கூட்டியே மாறுங்கள், பம்ப்பைக் கழற்ற வேண்டாம்.

டிஃப் லாக்கை எப்போது போட வேண்டும், சார்?

டிஃப் லாக் என்பது இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு. அதைப் போடுவது சக்கரம் வழுக்கிச் சுழல ஆரம்பித்த பிறகு அல்ல, தடைக்கு முன்னால். சுழலும்போது போட்டால் பல் உடையும். முன் லாக் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவுக்கு முன் எடுத்துவிடுங்கள். லாக் இல்லாமல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் உள்ள வண்டியில், குறுக்குச் சக்கரங்கள் (ஒரு பக்க முன் சக்கரமும் எதிர்ப் பக்கப் பின் சக்கரமும்) இரண்டும் அந்தரத்தில் சுழலும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரே சீராகப் பிடித்திருங்கள். அந்த கன்ட்ரோல் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து, தரையில் உள்ள சக்கரத்துக்கு இழுவையை அனுப்ப ஓரிரு நொடி ஆகும்.

டாப் கேரியரில் தண்ணீர் கேன், ஸ்டெப்னி, டீசல் கேன் எல்லாம் ஏற்றலாமா?

நெருப்பு, கவிழல் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தலையில் வைப்பது போல. கனமானது கீழே, முன் சீட்டின் முதுகை ஒட்டி. மேலே கூடாரம், படுக்கை போன்ற லேசான சாமான் மட்டும்.

பள்ளத்துப் பக்கம் சக்கரம் இறங்கிவிட்டது. இழுவைக் கயிற்றால் இன்னொரு வண்டியை வைத்து வெடுக்கென்று இழுக்கலாமா?

விளிம்பில் வெடுக் வேண்டாம், வின்ச் (கம்பியை டிரம்மில் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து நிதானமாக இழுங்கள். 30 டிகிரி சரிவில் 2.5 டன் வண்டியை மேலே இழுக்க எடைக்கு மட்டுமே 1.25 டன் வேண்டும். சேற்றில் புதைந்திருந்தால் இன்னும் கூடும். வின்ச்சில் எழுதியிருக்கும் திறன் டிரம்மின் முதல் அடுக்குக் கம்பிக்குத்தான். அடுக்கு கூடக் கூட இழுவை குறையும். புல்லி பிளாக் (கம்பியை மடக்கித் திருப்பும் கப்பி) போட்டு இரட்டைக் கம்பியாக இழுத்தால் வேகம் பாதி, பலம் கிட்டத்தட்ட இரு மடங்கு.

கொக்கியை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்டாதீர்கள். அது பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும். சேஸிஸில் போல்ட் போட்ட, அளவு முத்திரை உள்ள கொக்கியும், 4.75 டன் முத்திரையுள்ள 19 மிமீ ஷாக்கிளும் (பின் போட்டு மூடும் U வடிவ இரும்பு வளையம்) போதும். ஷாக்கிள் பின்னைக் கையால் முழுக்க இறுக்கி, கால் சுற்று தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் இழுத்த பின் கழற்ற வராது. கம்பியின் நடுவில் கனமான போர்வையைப் போடுங்கள். கயிறு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

இரவு தங்க எந்த இடம்?

எங்கே கூடாது என்பது சுலபம்: வறண்ட ஓடைப் படுகை, புதிதாக உடைந்த வெளுத்த கற்கள் கிடக்கும் சரிவின் அடி, மின்னல் தேடி வரும் முகட்டு உச்சி. பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இரவுக் குளிர்காற்று தேங்கும், சற்று மேலே உள்ள திட்டு நல்லது. வண்டியின் மூக்கு வெளியேறும் பக்கம் இருக்கட்டும்.

நிறுத்தும்போது பலர் கவனிக்காதது டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து, லோ ரேஞ்சும் தரும் பெட்டி) லீவர். அது நியூட்ரலில் இருந்தால் ஆட்டோமேட்டிக்கின் பி-யோ, கியரோ வண்டியைப் பிடிக்காது. ஃபோர் லோ (நாலு சக்கர இழுவையில் லோ ரேஞ்ச்), முதல் கியர், சக்கரம் மேட்டுப் பக்கம் திருப்பி, கீழ்ப்புறம் முட்டுக்கல் வையுங்கள். ஓடை கடந்து வந்து உறைபனி இரவு என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரும் முட்டுக்கல்லும் போதும்.

பனி உருகி வரும் ஓடையை எப்போது கடப்பது?

விடியற்காலையில். பிற்பகலில் பனி உருகிய நீர் ஏறிவிடும். கடந்ததும் டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் நிறமாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஃப்ரன்ஷியலின் சூடான ஹவுசிங் (உறை) சட்டெனக் குளிர்ந்தால் உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் கொதிக்கிறது, ஆனால் எதுவும் வேகவில்லை. சின்ன கேஸ் அடுப்பும் விடிகாலையில் எரிய மறுக்கிறது.

4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், பிரஷர் குக்கர் எடுத்துப் போங்கள். தனி பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் கலந்த குப்பி வாங்குங்கள், இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே கதைதான்.

கூட வந்தவருக்குத் தலைவலி, வாந்தி. காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

லேசான தலைவலி என்றால் இன்னும் மேலே ஏறாமல் ஓய்வு. நேராக நடக்கத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே, முடிந்தால் 1,000 மீட்டராவது கீழே இறக்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். வண்டி அரை நாளில் ஏறிவிடும், உடம்பு ஏறாது.

இரவில் இறக்குவதானால் ஒருவர் டார்ச்சோடு முன்னால் நடக்க வேண்டிய இடங்களை ஏறும்போதே குறித்து வைத்திருங்கள்.