அமெரிக்கா குடும்ப விசா: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் பெங்களூர்ல வக்கீல். அமெரிக்கா போற குடும்பங்களுக்கு இந்தியா பக்கத்து பேப்பர் எல்லாம் சரி பண்ணிக் குடுக்கறது என் வேலை, கேஸ் நடத்துறது அந்த ஊர் லைசன்ஸ் இருக்கற அட்டர்னி. கேளுங்க, பேருக்குப் பதிலா உங்க ஏரியா பேர் போட்டா போதும்.

அல்சூர்: அக்கா, பையன் டெக்சாஸ்ல இருக்கான், கிரீன் கார்டு வந்துடுச்சு. எங்க ரெண்டு பேரையும் எப்ப கூப்டுக்கலாம்?

இப்ப முடியாதுங்க. கிரீன் கார்டுல இருந்துக்கிட்டு பொண்டாட்டிக்கும் கல்யாணம் ஆகாத பிள்ளைங்களுக்கும்தான் போட முடியும். அப்பா அம்மாவுக்குன்னா அவர் சிட்டிசன் ஆகணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும். சிட்டிசன்ஷிப்புக்கு பொதுவா கிரீன் கார்டு வந்து 5 வருஷம். அதுக்கப்புறம் ஐ-130, அதாவது இவங்க என் சொந்தம்னு குடுக்கற பெட்டிஷன், போட்டா வருஷக்கணக்கு க்யூ கிடையாது, பேப்பர் நகர்ற நேரம்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டி: ஃபார்ம் எல்லாம் ஃப்ரீயா டவுன்லோட் ஆகுது மேடம், வக்கீலுக்கு எதுக்கு காசு? நான் என் வைஃப்புக்கு நானே போட்டேன், வந்துடுச்சு.

வந்ததுல சந்தோஷம். சிம்பிள் கேஸ்னா தாராளமா நீங்களே போடுங்க, நான் தடுக்கல. ஃபார்ம் ஃபில் பண்றது வேலையே இல்ல சார், ஃபார்ம்ல என்ன எழுதப் போறோம்ங்கறதுதான் வேலை. ஒரு கேஸ் சொல்றேன். கோலார் தங்கவயல்ல (கேஜிஎஃப்) பொறந்த அம்மா, வீட்லயே பிரசவம், பர்த் சர்டிபிகேட் கிடையாது. ஸ்கூல் டிசில ஜூன் 1னு இருக்கு, அந்தக் காலத்துல வாத்தியார் எல்லா பிள்ளைக்கும் போடுவாரே அதே தேதி, ஆதார்ல ஜனவரி 1, பாஸ்போர்ட்ல மூணாவதா ஒண்ணு. கல்யாணம் கோயில்ல நடந்தது, ரிஜிஸ்டர் பண்ணல. மகன் அங்க சிட்டிசன், இதை எதையும் பாக்காம ராத்திரி உக்காந்து ஐ-130 போட்டுட்டார். இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு விளக்கம் எழுதணும். அப்ளை பண்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரே டேபிள்ல பரப்பி வெச்சுப் பாத்திருந்தா, முதல்ல ரிஜிஸ்ட்ரார் கிட்ட பர்த் ரெக்கார்ட் இல்லன்னு சர்டிபிகேட், அப்புறம் ஸ்கூல் ரெக்கார்ட், பிறப்பு தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேர் அஃபிடவிட், கல்யாணத்தை இப்பவாவது ரிஜிஸ்டர் பண்றதுன்னு வரிசையா முடிச்சிருக்கலாம். ஸ்பான்சர் பண்றவர் வருமானம் அவங்க ஊர் வறுமைக்கோட்டுக் கணக்குல 125 சதவீதம் இருக்கணும், பத்தலன்னா ஜாயின்ட் ஸ்பான்சர் யாருன்னு பாக்கறதும் இதுலயே அடங்கும்.

கே.ஆர்.புரம்: ஏஜென்ட் ஒருத்தர் 3 லட்சத்துக்கு விசா கேரண்டின்னு சொல்றார். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அவரே ரெடி பண்ணுவாராம்.

ஓடிடுங்க. கேரண்டின்னு சொல்றவன் வக்கீலே கிடையாது. பொய் பேப்பர் ஒரு தடவை மாட்டுச்சுன்னா அது அந்த விசாவோட போகாது, வாழ்நாள் தடை. வக்கீல்தானான்னு பாக்க ஒரு வழி இருக்கு, உங்க கேஸ்ல ஜி-28 ஃபார்ம் போடுவீங்களான்னு கேளுங்க, நான்தான் இவங்களுக்கு ஆஜராகறேன்னு சொல்ற ஃபார்ம் அது. முழிச்சா கிளம்பிடுங்க. வெத்து ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் யாருக்கும் போட்டுக் குடுக்காதீங்க.

ஜெயநகர்: கனடா பி.ஆர்?

கனடா எனக்குத் தெரியாதுங்க. அந்த ஊர் லைசன்ஸ் இருக்கறவங்களைப் பாருங்க.

விவேக் நகர்: என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, பேர் மட்டும் கிவன் நேம்ல இருக்கு. பிரச்சனையா?

விசால உங்க பேர் முழுக்க சர்நேம் இடத்துக்குப் போயிடும், கிவன் நேம்ல எஃப்என்யூன்னு அடிப்பாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். அப்புறம் லைசன்ஸ், பேங்க் எல்லாம் அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். இப்பவே பாஸ்போர்ட் ரீஇஷ்யூ போடுங்க.

ஸ்ரீராம்புரம்: நம்மளுக்கு எங்க மேடம் சர்நேம்? இனிஷியல்தான். அவனுக்காக நாம ஏன் மாத்தணும்?

ஒயிட்ஃபீல்ட்: நான் அமெரிக்கால 9 வருஷம் எஃப்என்யூவாவே இருந்தேன், ஸ்டார்பக்ஸ்ல கூட கூப்பிட்டாங்க. ஒண்ணும் ஆகல.

விவேக் நகர்: என் தங்கச்சி சர்நேம் எங்க அப்பா பேர், அவ புருஷன் சர்நேம் அவங்க அப்பா பேர், குழந்தை சர்நேம் புருஷன் பேர். ஒரே வீட்ல மூணு. ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?

யப்பா, இருங்க. மூணு சர்நேம் குத்தமே இல்ல, குழந்தையோட பர்த் சர்டிபிகேட் கைல இருந்தா போதும். ஸ்ரீராம்புரம் சார், யாரும் ஜாதிப் பேர் ஒட்டச் சொல்லல, இனிஷியலை விரிச்சு அப்பா பேரை சர்நேம்ல போடுங்க, அவ்ளோதான். ஒயிட்ஃபீல்ட் சார் தனி ஆளா போனார், சமாளிச்சுட்டார். குடும்பமா பெட்டிஷன் போடும்போதுதான் இது கடிக்கும், அப்பா பேர் ஒரு ரெக்கார்ட்ல ஒரு மாதிரி, பிள்ளை ரெக்கார்ட்ல வேற மாதிரி இருந்தா உறவை நிரூபிக்கணும். 2022 நவம்பர்லேர்ந்து துபாய்க்கே ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்ல விசிட் விசா சிக்கல். மாத்தறதுன்னா பெட்டிஷனுக்கு முன்னாடி மாத்துங்க, நடுவுல மாத்தாதீங்க.

ஸ்ரீராம்புரம்: அப்ப கடைசில நாமதான் மாறணும்.

ஆமா சார். கோவம் நியாயம்தான், கவுன்ட்டர்ல இருக்கறவர்ட்ட அது செல்லாது.

ஃப்ரேசர் டவுன்: பையனுக்கு கிரீன் கார்டு இருக்கு, அப்பா அம்மா...

மேல அல்சூர் கேள்வி படிங்க.

பனஸ்வாடி: அண்ணன் சிட்டிசன், எனக்கு போட்டு வெச்சிருக்கார். டூரிஸ்ட்ல ஒரு தடவை போய்ட்டு வரலாமா?

அண்ணன் தம்பி கேட்டகரில வருஷத்துக்கு 65,000 விசாதான், உலகம் முழுக்க. நம்மளுக்கு 15 வருஷத்துக்கு மேல காத்திருப்பு, அதை நம்பி வீட்டை வித்துடாதீங்க. டூரிஸ்ட்டுக்கு அப்ளை பண்ணலாம், ஆனா டூரிஸ்ட் விசா ஃபார்ம் டிஎஸ்-160ல உங்க பேர்ல யாராவது இமிக்ரன்ட் பெட்டிஷன் போட்டிருக்காங்களான்னு ஒரு கேள்வி வரும். எப்பவோ போட்டது, மறந்துட்டு இல்லைன்னு டிக் பண்றவங்கதான் அதிகம். ஆமான்னு போடுங்க. ஆமான்னா ரிஜெக்ட் ஆகலாம், திரும்ப அப்ளை பண்ணிக்கலாம். இல்லைன்னு போட்டா பொய் கணக்குல எழுதிடுவாங்க.

பெல்லந்தூர்: மச்சான் எச்-1பி வேலை விசால இருக்கார், கிரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 பெட்டிஷன் அப்ரூவ்ட். அவர் பொண்ணுக்கு 19 ஆகுது, டிபென்டன்ட்டா அங்கயே படிக்குது. பயப்படணுமா?

இப்பவே அட்டர்னியைப் பாக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம்னு தள்ளாதீங்க. 21 முடிஞ்சா எச்-4, அதாவது அந்த டிபென்டன்ட் விசா, போயிடும். கிரீன் கார்டு க்யூல அவங்க தேதி வர்ற அன்னிக்கு இருக்கற வயசுலேர்ந்து ஐ-140 பெண்டிங்ல கிடந்த நாளைக் கழிச்சு, 21க்குள்ள வந்தா தப்பிக்கும், அதுவும் கல்யாணம் ஆகாம இருந்தா. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு உச்சவரம்பு இருக்கறதால இந்தியா க்யூ நகரவே மாட்டேங்குது, பல பிள்ளைங்க அதுக்குள்ள தாண்டிடுதுங்க. தாண்டும்போல இருந்தா முன்னாடியே எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்திக்கறது பத்திப் பேசணும். வக்கீல் நிஜமா உதவற இடம் இதுதான், நாள் கணக்கு போட்டு வெச்சு எந்தத் தேதிக்குள்ள எதைப் போடணும்னு சொல்றது.

சிவாஜிநகர்: அம்மாவுக்கு மும்பை இன்டர்வியூ முடிஞ்சு கிரீன் கார்டு வந்துடுச்சு மேடம். ஆனா அங்க பிடிக்கல, இங்கயே இருக்கேங்கறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போய் மூஞ்சி காட்டினா போதாதா?

எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, போதாது. அங்க குடியிருக்கறதுக்கு குடுத்த கார்டு அது. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா கார்டு செல்லாமப் போகலாம், அதுக்கு கம்மியா இருந்தாலும் நிஜமா எங்க வாழறீங்கன்னு கேப்பாங்க. வெளிய இருந்துட்டு திரும்பி வர ரீஎன்ட்ரி பர்மிட்னு ஒண்ணு இருக்கு, பொதுவா 2 வருஷம் வரைக்கும் குடுப்பாங்க, ஆனா அப்ளை பண்றப்ப அம்மா அமெரிக்கால இருக்கணும், இங்கேர்ந்து போட முடியாது. அடுத்த தடவை போறப்ப இறங்கின வாரமே போடச் சொல்லுங்க.