பொருந்தாத கீகேப்: அரத்தைக் கீழே வையுங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். என் மெக்கானிக்கல் கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. இணையத்தில் கீகேப் (விசைகளின் மேல்மூடி) விற்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் கீபோர்டின் மாடல் எண்ணை அனுப்பி, "இதற்குப் பொருந்துமா?" என்று கேட்டேன். கட்டைவிரல் குறி ஒன்று வந்தது. அதன் கீழே "ஆர்டர் போடுங்க சார்" என்று எழுதியிருந்தார். ரூ.3,200 கட்டினேன். செட் வந்தது. மேல் வரிசைகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தன, கடைசி வரிசை மட்டும் உட்காரவில்லை. அவருக்கு எழுதினேன், நான்கு நாள் பதிலே இல்லை. நானே விண்டோஸ் கீயின் ஓரத்தை அரத்தால் தேய்த்தேன். ஸ்பேஸ்பாரின் அடியில் இருக்கும் கால்களைக் கத்தியால் சீவி அழுத்தினேன். கழற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது ஸ்விட்ச்சும் உடைந்துவிட்டது. இப்போது அவர், "செட்டைத் திருப்பி அனுப்புங்கள், ரூ.2,000 தருகிறேன். ஒரு ஸ்டார் விமர்சனத்தை எடுத்துவிட்டு, அதில் எழுதியது பொய் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்கிறார். கீபோர்டுக்கு ரூ.9,800, மன உளைச்சலுக்கு ரூ.1 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு, அவர் போனை எடுக்காததைப் பற்றியும் "உங்க கீபோர்டுதான் தப்பு" என்று அவர் பேசியதைப் பற்றியும் இருந்தது. அதை இங்கே சுருக்கிவிட்டேன். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் வழக்குக்கு அது உதவாது. வழக்குக்கு உதவுவது ஒன்றுதான்: நீங்கள் மாடல் எண் அனுப்பிய அந்தச் செய்தியும் அதற்கு வந்த கட்டைவிரலும்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய விற்பனைப் பக்கத்தின் படத்தில் "எம்எக்ஸ் தண்டு, 104 கீ" என்று இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. தண்டு, அதாவது கீகேப்பும் ஸ்விட்ச்சும் ஒன்றோடொன்று மாட்டும் பகுதி, கூட்டல் குறி வடிவம்தான், அதனால்தான் மேல் வரிசைகள் உட்கார்ந்தன. வழக்கமான 104 கீ செட்டில் கடைசி வரிசையின் கண்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட் எல்லாம் 1.25 யூனிட், ஸ்பேஸ்பார் 6.25 யூனிட். உங்கள் கீபோர்டில் கண்ட்ரோல் 1.5, விண்டோஸ் 1, ஸ்பேஸ்பார் 6.5. ஒரு யூனிட் 19.05 மில்லிமீட்டர். ஆக, விண்டோஸ் கீயின் இடத்தைவிட நீங்கள் செருகப் பார்த்த கீகேப் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் அகலம். எவ்வளவு தேய்த்தாலும் அது உட்கார்ந்திருக்காது. உங்கள் படத்திலேயே வலப்பக்கச் சுவர் ஓட்டையாகி உள்ளே இருக்கும் தண்டு தெரிகிறது.

விற்பனைப் பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால், "வழக்கு இல்லை, விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருப்பேன். செட்டில் குறை எதுவும் இல்லை, அளவு பார்க்காமல் வாங்கியது நீங்கள் என்று ஆகிவிடும். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டு வாங்கியிருக்கிறீர்கள். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி ஒருவர் வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் உதவ வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வியாபாரி 'எந்த விதத்திலாவது' சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான் என்கிறது. கட்டைவிரலும் ஒரு விதம்தான் என்று தாராளமாக வாதாடலாம். கனடாவின் சஸ்காட்செவன் நீதிமன்றம் 2023-ல், ஆளி விதை விற்பனை ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பிய விவசாயியை 82,000 கனடிய டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், குறிதானே என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு உதாரணமாகக் காட்டலாம்.

அந்த உரையாடலை அழிக்காதீர்கள். தானாக மறையும் அமைப்பு போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள், போனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

இவ்வளவும் உங்கள் பக்கம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடுவில் நீங்கள் அரத்தை எடுத்துவிட்டீர்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வழக்குக்காக வந்த ஒரு கட்சிக்காரர் லேப்டாப் பேட்டரி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். மாடல் எண் சொல்லி வாங்கியது, எழுத்தில் உறுதியும் இருந்தது. ஒரு பக்கம் கொக்கி போல நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் இடித்ததால் பிளேடால் சீவிப் பொருத்தியிருக்கிறார். இரண்டு வாரத்தில் பேட்டரி உப்பிவிட்டது. நான் அவரிடம் முதலில் கேட்டது பேட்டரியைப் பற்றி இல்லை, பிளேடைப் பற்றி. "அது சின்ன விஷயம் சார்" என்றார். ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பேட்டரியைத் தூக்கிப் பிடித்து, வெட்டிய இடத்தில் விரலை வைத்து, "நாங்கள் கொடுத்த பொருள் இதுவா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டோம், அதற்கான கட்டணத்தையும் என் கட்சிக்காரரே கட்டினார். மாதிரி மாற்றப்பட்டிருக்கிறது, அதனால் கருத்துச் சொல்ல இயலாது என்று அறிக்கை வந்தது. வழக்கு அதோடு போயிற்று. அவர் பக்கம் உண்மை இருந்தும் போயிற்று என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

உங்கள் நிலைமையும் அதே பாதைதான். பொருந்தவில்லை என்று எழுதிய அன்று, செட்டை அப்படியே திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. விளம்பரத்தில் சொன்ன அல்லது ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று இணைய விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆனால் பொருள் இன்னும் அவருடையது, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டு, அதையே நீங்கள் சீவினால், பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 42 அதைத்தான் சொல்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது, நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். நான்கு நாள் பதில் வராதது உங்களைச் சோதித்தது, புரிகிறது. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த நான்காவது நாளில்தான் தவறு செய்கிறார்கள்.

சேதமானது 104-ல் இரண்டுதானே என்று நினைக்காதீர்கள். ஸ்பேஸ்பார் இல்லாத செட்டை அவரால் இன்னொருவருக்கு விற்க முடியாது. அதைவிட முக்கியம், 'பொருந்தவில்லை' என்று நிரூபிக்க வேண்டிய இரண்டு துண்டுகளும் அவைதான். கால்களைச் சீவாமல் இருந்திருந்தால், ஸ்பேஸ்பாரை மல்லாக்கப் போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கீபோர்டின் ஸ்டெபிலைசரோடு (ஸ்பேஸ்பாரைச் சாயாமல் தாங்கும் அமைப்பு) சேர்த்து ஒரு படம் எடுத்திருக்கலாம். அந்த ஒரு படமே போதுமாயிருக்கும். இப்போது இருக்கும் படத்தில் கத்திக் கீறல்தான் தெரிகிறது.

கீபோர்டுக்கு ரூ.9,800 கேட்பதை மறந்துவிடுங்கள். ஸ்விட்ச் உடைந்தது ஸ்க்ரூடிரைவரால், நெம்பியது உங்கள் கை. ஒப்பந்த மீறலிலிருந்து நேரடியாக விளையாத இழப்புக்கு ஈடு இல்லை. அதைக் கேட்டால் கிடைக்காது என்பதோடு நிற்காது. மனுவில் அந்த வரி இருந்தாலே, யார் என்ன செய்தார் என்ற விசாரணை உங்கள் பக்கம் திரும்பும். ரூ.3,200 பொருளுக்கு ஒரு லட்சம் மன உளைச்சல் கேட்பதும் அப்படித்தான், ஆணைய உறுப்பினர்கள் முதல் பக்கத்திலேயே சலித்துப்போவார்கள்.

பில் யார் பேரில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு வியாபாரப் பேரில் வாங்கியிருந்தால், வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று முதல் ஆட்சேபணை வரும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியது என்ற விலக்கு உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அதை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நோட்டீஸ், 1915 என்ற நுகர்வோர் உதவி எண், ஆன்லைன் மனு எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அதனால்தான் எல்லோரும், போட்டுப் பார்ப்போமே என்று இறங்கிவிடுகிறார்கள். சட்டம் சொல்லும் கெடு மூன்று மாதம், ஆய்வகப் பரிசோதனை வந்தால் ஐந்து மாதம், நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். வாய்தா வாய்தாவாக உங்கள் வேலைநாள் போகும்.

நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். ரூ.2,500 கேளுங்கள், ரூ.2,000-க்கு மேல் அவர் ஏறாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சீவியதை மறைக்காதீர்கள். இரண்டு துண்டுகளையும் படம் எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுங்கள். மறைத்து அனுப்பினால் பார்சலைப் பிரித்ததும் அவர் பின்வாங்குவார், அப்போது உங்கள் கையில் பணமும் இருக்காது, செட்டும் இருக்காது. பணம் எத்தனை நாளில், எந்தக் கணக்குக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். பேக் செய்வதை வீடியோ எடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

அந்த ஒரு வரியை மட்டும் எழுதித் தராதீர்கள். விமர்சனத்தை எடுப்பது உங்கள் விருப்பம், அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் எழுதியது பொய் என்று உங்கள் கையாலேயே கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர் அவதூறு என்று கிளம்பும்போது உண்மையைத்தான் எழுதினேன் என்ற முக்கியக் கேடயம் போய்விடும். "பேசித் தீர்த்துக்கொண்டோம், அதனால் விமர்சனத்தை நீக்கிவிட்டேன்" என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

அடுத்த செட் வாங்கும்போது மாடல் எண் மட்டும் போதாது. கடைசி வரிசையைக் கழற்றி, ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்து, தண்டு தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து அனுப்பி, பதிலை வார்த்தையில் வாங்குங்கள். ஸ்பேஸ்பார் 6.5 யூனிட் உள்ளது என்று செட்டின் விவரத்திலேயே போட்டிருக்க வேண்டும். கீகேப் கழற்றும் கம்பி இடுக்கி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கெடு என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள், அதே வாட்ஸ்அப் உரையாடலிலேயே பதில் அனுப்பிவிடுங்கள். போனில் பேசாதீர்கள்.