பாலைவன நகரமும் தண்ணீர் வெளியேறும் வழியும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு வேலை துபாயில், குடியிருப்பது ஷார்ஜாவில். 2024 ஏப்ரல் 16ஆம் தேதி மழையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் இடுப்பளவு மூழ்கியது. நான்கு நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. ஏழாவது மாடிக்குத் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து ஏறினோம். வருடத்தில் சில நாள் மட்டும் தூறும் ஊரில் வெள்ளம் எப்படி வருகிறது? மணல் தண்ணீரைக் குடித்துவிடாதா? செயற்கை மழைதான் காரணம் என்று இங்கே பலரும் அடித்துச் சொல்கிறார்கள். என் அறையில் இருப்பவரோ, "மனுசன் இருக்கக் கூடாத இடத்தில் ஊரைக் கட்டினால் இப்படித்தான்" என்கிறார். நீங்கள் ராஜஸ்தான் போய்வந்து எழுதியதைப் படித்திருக்கிறேன், அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. பெயர் போட வேண்டாம் அக்கா.

— ஒரு வாசகர், ஷார்ஜா

அன்புள்ள தம்பி,

கேன் சுமந்த அந்த நான்கு நாட்களைப் பற்றி இரண்டே வரியில் எழுதிவிட்டீர்கள். செய்திகளில் அன்று திரும்பத் திரும்பக் காட்டியது விமான நிலையத்தையும் மிதந்த கார்களையும்தான். மேல்மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு அப்போதே இருந்தது.

செயற்கை மழைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மேகத்தில் உப்புத்தூள் தூவினால், ஏற்கெனவே பெய்யத் தயாராக இருக்கும் மேகத்திலிருந்து சற்றுக் கூடுதலாக மழை கிடைக்கலாம், அவ்வளவுதான். ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சேர்ந்து கொட்டிய அந்த மாதிரி மழையை விமானம் வைத்து உண்டாக்க முடியாது. பல நாள் முன்பே அது வானிலைக் கணிப்புகளில் தெரிந்திருந்தது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. அமீரகத்தில் 1949இல் மழைப் பதிவு தொடங்கியதிலிருந்து இதுதான் அதிகம். துபாய் விமான நிலையத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அன்று ஒரே நாளில் சுமார் 140.

அப்புறம் மணல். கடலோரப் பாலைவனத்தில் கொஞ்சம் தோண்டினாலே உப்பு நீர் வந்துவிடும். 'சப்கா' என்று அரபியில் சொல்லும் உப்புத் தரை மேலே ஓடு கட்டியது போல இறுகிக் கிடக்கும். அதன்மேல் தாரும் கான்கிரீட்டும் போட்டால் தண்ணீர் இறங்க இடமே இல்லை. ஊரோ தட்டை, ஓடிப்போகச் சரிவும் இல்லை. எப்போதாவது வரும் மழைக்காக ஊர் முழுக்க வடிகால் எதற்கு, வந்தால் டேங்கர் வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம் என்று பல காலமாக விட்டுவிட்டார்கள். உங்கள் தெருவிலும் டேங்கர்தானே வந்து நின்றிருக்கும்?

பாலைவன நகரம் என்றதும் எல்லோரும் கேட்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான். பணமும் பொறியியலும் சேர்ந்து அந்தக் கேள்விக்கு எப்படியாவது ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிடுகின்றன: கடலைக் காய்ச்சியோ, ஆற்றைத் திருப்பியோ. வந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரையில் பாலைவன நகரங்கள் நொடிப்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான். இதை எனக்குப் புரியவைத்த ஊர் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்.

ராவல் ஜெய்சல் 1156இல் கட்டிய ஊர் அது. கோட்டைக்குள் இன்றும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள். பல நூறு வருடங்களாகப் பெண்கள் வெளியே இருக்கும் கடீசர் ஏரியிலிருந்து தலையில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சுமந்து வந்த தண்ணீர் என்பதால் ஒரு சொட்டும் வீணாகாது. மழைநீர் கோட்டையை விட்டு வெளியேறத் தனி வாய்க்கால்களும் இருந்தன. பிறகு குழாய் வந்தது. கூடவே குளியலறை, கழிப்பறை, விடுதிகள். செலவாகும் தண்ணீர் பல மடங்கு ஆனது. பழைய வாய்க்கால்கள் அடைபட்டன, புதிதாகப் போட்ட சாக்கடைக் குழாய்கள் கசிந்தன. கோட்டை நிற்கும் குன்றில் மணற்கல்லோடு களிமண்ணும் உண்டு. அது ஈரம் குடித்து இளகியது. 1990களின் இறுதியில் கொத்தளங்கள் சரிந்தன. 800 வருடத்துக்கும் மேல் பாலைவனத்தில் வறண்டு நின்ற கோட்டையை அரித்தது குழாய்த் தண்ணீர்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு விடுதியில் நான் இரண்டு இரவு தங்கினேன். அறைச் சுவரில் முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறியிருந்தது. உப்புப் பூத்துத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கோட்டைக்குள் தங்காதீர்கள், வெளியே தங்குங்கள் என்று கோட்டையைச் சிதையாமல் காக்கும் பணியில் இருப்பவர்கள் பயணிகளைக் கேட்டுக்கொள்வது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் நான் குளித்த தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜோத்பூர் கதை இன்னும் விசித்திரம். 1459இல் ராவ் ஜோதா அமைத்த ஊர். மலைச்சரிவில் விழும் மழையை ஏரிகளுக்கும் படிக்கிணறுகளுக்கும் கொண்டுசேர்த்து வாழ்ந்த ஊர். 1990களின் பிற்பகுதியில் ராஜீவ் காந்தி ஏற்றுக் கால்வாய் வழியாக இமயமலை நீர் வந்தது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே தடுப்பணையிலிருந்து கிளம்பி, பாலைவனத்தில் படிப்படியாக மேலேற்றப்பட்டு, கைலானா ஏரியில் விழுகிறது. மக்களின் தாகம் தீர்ந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கிணறுகளில் இறைப்பதை ஊர் நிறுத்திவிட்டது. படிக்கிணறுகளில் குப்பை கொட்டினார்கள். வந்த தண்ணீரோ ஏரியிலிருந்தும் பழைய குழாய்களிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கசிந்து அடிப்பாறையின் மேல் தேங்கியது. நிலத்தடி நீர் மேலே ஏறி வந்து கடைகளின் அடித்தளங்களில் நின்றது. பாலைவன ஊரில், மழையே இல்லாத மாதத்தில், கடைக்காரர் மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்! கிணற்றில் தினமும் இறைப்பதும் ஒரு வகை வடிகால்தான் என்பது இறைப்பதை விட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

உங்கள் அறைத் தோழரிடம் ஒன்று சொல்லுங்கள். மனிதன் இருக்கக் கூடாத இடம் என்று, ஜெய்சல்மேரும் ஜோத்பூரும் இருக்கும் தார் பாலைவனத்து ஆள் ஒருவரிடம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தண்ணீரை அவர்கள் மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மழையாக வந்து மேலே நிற்பது பாலர் பானி. ஆழத்தில் கிணற்று நீராக இருப்பது பாதாள் பானி. இரண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள் ஜிப்சம் படலம் தடுத்து நிறுத்திய ஈரம் ரேஜானி பானி. அந்த ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறிவர, ஓர் ஆள் மட்டும் இறங்கக்கூடிய ஒடுக்கமான 'குயீன்' கிணறுகளைத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியபோது, கவாஸ் கிராமத்தில் வெள்ளம் வடியாமல் நாள்கணக்கில் நின்றதற்குக் காரணமும் அதே ஜிப்சம்தான். பாலைவனத்தில் ஊர் கட்டலாமா என்று நான் கேட்க மாட்டேன். அடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டினார்களா என்றுதான் கேட்பேன்.

சரி, இதைச் சரியாகச் செய்த ஊர் உண்டா? அமெரிக்காவின் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் வீட்டுக்குள் செலவாகும் நீரில் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, அது வந்த மீட் ஏரிக்கே திரும்பிப் போகிறது. ஆனால் அங்கே மழைநீர்ச் சுரங்கங்களில் வீடில்லாதவர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் அந்த ஊரைப் பாராட்ட வேண்டும்.

என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் சவூதி தலைநகர் ரியாத். வளைகுடாக் கடலோரம் ஜுபைலில் உப்பு நீக்கிய கடல்நீர் 400 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. அங்கும் ஜோத்பூர் போலவே நிலத்தடி நீர் மேலே ஏறியது. ஊரின் மேற்குப் பக்கம் வாதி ஹனீஃபா என்று 120 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வறண்ட ஓடை. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கெடுத்து வைத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து, சரிவைச் சரிப்படுத்தி, நகரத்துக் கழிவு நீரும் மேலேறிய நிலத்தடி நீரும் அதன் வழியாகப் போகும்படி செய்தார்கள். வழியில் பாறைகளும் பாசியும் நுண்ணுயிரும் மீனும் சேர்ந்து நீரைச் சுத்தம் செய்கின்றன. ஓரத்தில் மரங்கள், மக்கள் வந்து உட்கார இடங்கள். 2010இல் இந்தப் பணிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. தண்ணீர் பழைய காலத்தில் போன பாதையையே நகரம் அதற்குத் திருப்பிக் கொடுத்தது. எனக்கு அதில் பிடித்தது இதுதான்.

துபாயும் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் 'தஸ்ரீஃப்' என்ற மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்தார்கள். 3,000 கோடி திர்ஹம், 2033க்குள் முடிக்க இலக்கு. நல்ல விஷயம். என் கவலை உங்களை மாதிரி ஆட்களைப் பற்றித்தான். வேலை துபாய் அமீரகத்தில், வாடகை குறைவு என்பதால் வீடு அடுத்த அமீரகமான ஷார்ஜாவில். தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்த எல்லையைக் கடக்கிறீர்கள். ஒரு நகரத்தின் வடிகால் வரைபடம் எல்லைக் கோட்டோடு நின்றால், அந்த நகரத்தைக் கட்டியவர்கள் தூங்கும் தெரு வரைபடத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஒரே அறையில் பலர் படுக்கை மட்டும் வாடகைக்கு எடுக்கும் 'பெட்ஸ்பேஸ்' இருக்கும் பழைய கட்டடங்கள் எந்தத் தாழ்வில் நிற்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் ஒன்று செய்ய முடியுமா தம்பி? அடுத்த தடவை மழை பெய்யும்போது, உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே போய் நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அன்புடன்,
அக்கா