போடாக்ஸ் எத்தனை மாதம் நிற்கும்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

நான் தோல் மருத்துவர். தசையைத் தற்காலிகமாக அசையவிடாமல் செய்யும் போடாக்ஸ் ஊசியை முகச்சுருக்கத்துக்குப் போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. வந்த கேள்விகளில் முக்கால்வாசி "எத்தனை நாள் தாங்கும்" என்பதையே சுற்றிச் சுற்றி வருவதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டாக்டர், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மாதம்?

3 முதல் 4 மாதம். சிலருக்கு 2 மாதம் கடந்ததுமே அசைவு எட்டிப்பார்க்கும், சிலருக்கு 5 வரை இழுக்கும். ஒருநாள் காலையில் எழுந்தால் எல்லாம் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள், அது மெதுவாகத்தான் விடும். கண்ணாடி முன்னால் நின்று யாரையோ திட்டப்போவதுபோல் முறைத்துப் பாருங்கள்: புருவத்துக்கு நடுவே தோல் லேசாகக் கூடும், ஆனால் மடிப்பு விழாது, ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு அசைவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் மருந்தின் பலன் குறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓடிவர வேண்டியதில்லை, முகத்தை இயல்பாக வைத்திருக்கும்போது கோடு தெரியாதவரை இன்னும் சில வாரம் ஓட்டலாம்.

அக்கா, போட்டு 4 நாள் ஆகிறது, ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துட்டேனா?

பொறுங்கள். 2, 3 நாளில் ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகும். 4ஆம் நாளில் கண்ணாடியையும் பார்க்காதீர்கள், டாக்டரையும் திட்டாதீர்கள். 14 நாள் கழித்தும் ஒரு புருவம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் போய்க் காட்டுங்கள், ஓரிரு யூனிட் (மருந்தை அளக்கும் அலகு) கூடப் போட்டுச் சரிசெய்துவிடலாம். கல்யாணம், விழா என்று இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் நிரந்தரமாக நிற்பதில்லை?

நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விட்டால்தான் தசை சுருங்கும். அதை வெளியே தள்ள உதவும் புரதங்களில் ஒன்றை இந்த மருந்து நறுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நரம்பு சாவதில்லை, தசையும் கெட்டுப்போவதில்லை. உடம்பு சும்மா இருக்குமா, பக்கத்தில் புது முளைகளை விட்டுத் தற்காலிகமாகச் சமாளிக்கும், பழைய முனையும் அந்தப் புரதத்தைத் திரும்பச் செய்துகொண்டு வேலைக்கு வந்துவிடும். அதனால் பலன் குறைவது மருந்தின் குறையில்லை, உங்கள் நரம்பு ஆரோக்கியமாக இருக்கிறது.

என் தோழிக்கு 5 மாதம் நின்றது, எனக்கு 10 வாரத்தில் போய்விட்டது மேடம். தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டார்களா?

இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது, கேட்பதில் தப்பே இல்லை. போடாக்ஸ் குப்பியைப் பார்த்தால் காலியாக இருப்பதுபோலத்தான் இருக்கும், அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படிவு, அதுதான் மருந்து. உப்புநீர் சேர்த்துத்தான் ஊசியில் ஏற்ற முடியும், ஆகவே எல்லாருமே "தண்ணீர்" கலக்கிறார்கள். 100 யூனிட் குப்பியில் ஒருவர் 1 மில்லி சேர்ப்பார், இன்னொருவர் இரண்டரை மில்லி சேர்ப்பார், இரண்டும் சரிதான். உங்கள் முகத்துக்குள் எத்தனை யூனிட் போனது என்பதுதான் கணக்கு. புருவ நடுக்கோட்டுக்கு போடாக்ஸில் அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட், கண்ணோரங்களுக்கு இரு பக்கமும் சேர்த்து 24. 8, 10 யூனிட்டில் முடித்துவிட்டு 4 மாதம் எதிர்பார்த்தால் வராது. ஒன்று கவனியுங்கள், இதே வகை மருந்தில் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட் வேறு: புருவ நடுக்கோட்டுக்கு அதில் 50 யூனிட். "அங்கே 50 போட்டார்கள், இங்கே 20தான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஆளுக்கு ஆள் தசை வேறு. முறைத்தால் ஆழமாகக் குழி விழும் முகத்துக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, கூடுதல் அளவு தேவைப்படும். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்த இடம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கிளினிக்கில் போட்டுக்கொள்ளாதீர்கள், போலி மருந்தும் புழங்குகிற உலகம் இது.

6 மாதம் நிற்கும் புது ஊசி வந்திருக்கிறதாமே, நிஜமா?

டாக்ஸிஃபை என்று ஒன்று, 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வுகளில் பாதிப் பேருக்காவது 24 வாரம்வரை பலன் இருந்தது. மீதிப் பாதிக்கு அதற்குள் போய்விட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் முறை போடுபவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், பிடிக்காமல் போனால் அதுவும் கூடுதல் நாள் நிற்குமே!

நெற்றிக்கும் உதட்டுக்கும் ஒரே கணக்கா?

இல்லை. மேலுதட்டில் மிகக் குறைந்த அளவுதான் போட முடியும், ஓயாமல் அசையும் இடமும்கூட, 2 மாதம் நின்றாலே நல்லது. தாடைத் தசையில் போட்டால் முகம் ஒடுங்கித் தெரியவே சில வாரம் ஆகும், ஆனால் பலன் நெற்றியைவிடக் கூட நிற்கும். அக்குள் வியர்வைக்குப் போட்டால் 6 மாதத்துக்கு மேலேயே போகலாம், அங்கே மருந்து வேலை செய்வது வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பில்.

போட்டு ஒரு வாரத்தில் இடது இமை பாதி இறங்கிவிட்டது. 4 மாதமும் இப்படியே இருக்குமா? பயமாக இருக்கு.

இருக்காது. இமையைத் தூக்கும் தசைக்குள் கொஞ்சம் கசிந்திருக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். மாற்று மருந்து கிடையாது, ஆனால் இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிடும் கண் சொட்டு மருந்து இருக்கிறது, போட்டவரிடமே கேளுங்கள். விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் என்று எதுவும் வந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். அபூர்வம்தான், இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜிம்முக்குப் போனால் சீக்கிரம் போய்விடுமா? துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் கூட நிற்குமா?

முதல் நாள் உடற்பயிற்சி வேண்டாம், 4 மணி நேரம் படுக்காதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். அதற்கப்புறம் தாராளமாகப் போங்கள். மாத்திரைக்கு ஒரு சின்ன ஆய்வு ஆதரவாக இருக்கிறது, அதை நம்பி நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

2 மாதத்திலேயே திரும்பப் போட்டுக்கலாமா?

வேண்டாம், 3 மாத இடைவெளி விடுங்கள். அடிக்கடி, அதிக அளவில் போட்டால் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, பிறகு மருந்தே ஏறாமல் போக வாய்ப்பு உண்டு. முக அளவுகளில் இது அரிது, அவசரப்பட்டு அதை வரவழைத்துக்கொள்வானேன்?

நிறுத்திவிட்டால் முன்பைவிட மோசமாகுமா?

ஆகாது. பழையபடி வரும், அவ்வளவே. இடைப்பட்ட மாதங்களில் தோல் மடியாமல் இருந்ததால் கோடு கொஞ்சம் ஆழம் குறைந்தும் இருக்கலாம். மோசமாகத் தெரிவதற்குக் காரணம், வழுவழு நெற்றிக்குக் கண் பழகிவிடுவது. போடுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

கூடாது. பால் கொடுக்கும்போதும் தள்ளிப்போடுங்கள். மயஸ்தீனியா போன்ற தசைநரம்பு நோய் இருந்தால் ஊசிக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்.