கட்டிலைத் தூக்க நாலு பேர்

வாசகர் கேள்விகள் – ரங்கூனிலிருந்து ஒரு போதகரம்மாவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு நோயைப் பற்றியவை. மூன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஊரை விட்டுவைத்துப் பெயரை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். மாமியார் படுத்த படுக்கை. பெரியவன் படிப்பை நிறுத்திவிட்டு டீக்கடை வேலைக்குப் போகிறான். நகையெல்லாம் போயிற்று, இப்போது என் தையல் மிஷினுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. ஆலயத்தில் பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணு" என்றார். என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா? – தாம்வே சகோதரி

பதில்: மகளே, முதலில் தையல் மிஷினை விற்காதே. மற்றதை அப்புறம் பேசலாம். நகை சம்பாதித்துப் போடாது, மிஷின் போடும். விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கு முன்னால் சபையின் உதவிப் பணத்தைக் கேள். கேட்க வாய் கூசினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து மூப்பர் கையில் கொடு. நான் கேட்டதாக இருக்கட்டும்.

அந்த அக்கா சொன்னது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், யார் பாவம் செய்தது, இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். எட்டாம் நாள் புத்தி சொல்ல ஆரம்பித்துத்தான் கெட்டார்கள். அக்காவுக்குப் பதில் சொல்லிச் சண்டை போடாதே, உன் தெம்பு வேறு வேலைக்கு வேண்டியிருக்கிறது.

வார்த்தை வராததைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். எத்தனையோ கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்திருக்கிறேன், நன்றாகவே வரும். என் வீட்டுக்காரர் போதகருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகுதான் வரவில்லை. எங்கள் தெருவுக்குக் கரன்ட் முறை நடுராத்திரியில் விழும். ஒரு மணிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவேண்டும், அவர் படுக்கைத் துணியை அலசிப் போடவேண்டும், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். வாளி நிரம்பும்வரை குழாய் பக்கத்தில் குந்திக்கொண்டு "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஆரம்பிப்பேன். "ஆகாரத்தை" வரைக்கும் போவதற்குள் கண் சொருகிவிடும். மன்னிப்புப் பகுதிக்கு மாதக்கணக்கில் நான் வந்து சேரவே இல்லை! ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம் அது. வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அமெரிக்க மிஷனரி ஜட்சனை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பிரசங்கங்களில் அவரை அடிக்கடி இழுப்பார்கள். 1813-இல் ரங்கூனுக்கு வந்தார், அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையில் கிடந்தார், வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் தந்தார், வரலாறு அதோடு முடிந்துவிடும். நடுவில் உள்ள பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. எட்டு மாதக் கைக்குழந்தையை இங்கே புதைத்தார். 1826-இல் அவர் வேலையாக வெளியே இருந்தபோது மனைவி ஆன் காய்ச்சலில் இறந்தார். ஆறு மாதம் கழித்து மகள் மரியாவும் போய்விட்டாள், இரண்டு வயசு. மோல்மேனுக்குத் தெற்கே சைக்காமியில், அன்று ஆம்ஹர்ஸ்ட் என்று பெயர், தாயும் மகளும் ஒரே மரத்தடியில். அதன் பிறகு ஜட்சன் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். இது 1829. முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை அவர் முடித்தது 1834-இல். இன்றைக்கும் பர்மியச் சபைகளில் கையில் இருப்பது அந்த வேதாகமம்தான். குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்த்து "விசுவாசம் செத்துவிட்டது" என்று யாராவது எழுதிவைத்திருந்தால் எவ்வளவு தப்பாகப் போயிருக்கும். உன்னைப் பற்றி நீயே அப்படி எழுதாதே.

சரி, அதுவரை என்ன செய்வது? மாற்கு இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார். திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள், கூட்டத்தில் வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. படுத்திருந்தவன் ஜெபித்தானா, நம்பினானா, ஒரு வார்த்தை பேசினானா, எதுவும் எழுதவில்லை. தூக்கி வந்தவர்களின் விசுவாசம் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. உன் வீட்டில் படுத்திருப்பது உன் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும் என்று நினைக்கிறாய். நீயும் அந்தப் படுக்கையில்தான் இருக்கிறாய் மகளே. ஆலயத்தில் நீ வாயை அசைக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பாடுகிறார்களே, அந்தச் சத்தம் உன்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும். அதற்குத்தான் சபை.

ஆனால் தூக்க வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது, நீதான் சொல்லவேண்டும். ஜெபிக்க வருபவர்கள் கையில் வாழைப்பழச் சீப்பும் இளநீரும் இருக்கும். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இருதயமே நின்றுபோகலாம். நட்சத்திரப் பழம் விஷம் மாதிரி, ஒன்றுகூட வேண்டாம். "பழம் வேண்டாம் அக்கா, வியாழக்கிழமை மத்தியானம் வந்து மாமியார் பக்கத்தில் இருங்கள், நான் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகவேண்டும்" என்று வாய்விட்டுச் சொல். "ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம், நாளும் நேரமும் சொல்லிக் கேள். ஒருவர் வியாழன், ஒருவர் பையனுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தர. எனக்கு அப்படி ஒருத்தி வந்தாள். வசனம் சொல்லமாட்டாள், வந்ததும் போதகரின் நகத்தை வெட்டுவாள், கால் தேய்த்துவிடுவாள், போய்விடுவாள். எதிர்வீட்டுப் பர்மிய அம்மா வாரம் தவறாமல் ஸன்பியோ காய்ச்சி அனுப்புவார். புத்த மதத்துக்காரர். அந்தக் கஞ்சியில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், போதகருக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று, வீட்டுக்காரர் கையில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா, அதாவது ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு வழி, போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜெபிக்கிற ஆவேசத்தில் யாரும் அந்தக் கையை இறுக்கிப் பிடிக்க விடாதே. பிரஷர் பார்ப்பதும் ஊசி போடுவதும் அடுத்த கையில்தான். தினம் காலையில் நீ அதன் மேல் இரண்டு விரல் வைத்துப் பார். உள்ளே வண்டு இரைகிற மாதிரி ஒரு அதிர்வு ஓடும். ஓடினால் வழி திறந்திருக்கிறது. நின்றுபோயிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. இதை ஏன் ஜெபத்தைப் பற்றிக் கேட்டவளிடம் சொல்கிறேன் என்றால், எப்படியும் காலையில் அரை நிமிஷம் அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு இருக்கப் போகிறாய். விரலடியில் அது இரைகிறபோது "ஆண்டவரே" என்று சொல். மேலே வராவிட்டால் விட்டுவிடு. எலியா சூரைச்செடிக்கு அடியில் செத்தால் போதும் என்று படுத்தபோது, தேவதூதன் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பத் தூங்கவிட்டான். கேள்வி கேட்டதெல்லாம் அப்புறம்தான். நீயும் சாப்பிட்டுத் தூங்கு.

கேள்வி: என் அப்பாவுக்கு டி.பி. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார், இருமல் நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கைவைத்து ஜெபித்து, "சுகமாகிவிட்டது, இனி மாத்திரை விழுங்கினால் அவிசுவாசம்" என்றார். அப்பா நிறுத்திப் பத்து நாளாகிறது. பிரசங்கியாருக்கு விரோதமாகப் பேச எனக்குப் பயம். – மோல்மேன் வாசகர்

பதில்: தம்பி, இதைப் படித்த உடனே அப்பாவை, மாத்திரை கொடுத்த இடத்துக்கே கூட்டிப் போ. பத்து நாள் விட்டுப்போயிற்று என்பதை மறைக்காமல் சொல். எங்கிருந்து தொடங்குவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் காட்டு.

வழக்கமான டி.பி.க்கு ஆறு மாத வைத்தியம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. இருமல் நின்றது அந்த முதல் இரண்டு மாதத்தின் பலன். கிருமி இன்னும் உள்ளே பதுங்கிக் கிடக்கும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கே அடங்காத டி.பி.யாகத் திரும்பி வரலாம், அதன் வைத்தியம் இன்னும் கடினம். வார்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கோபமாக எழுதுகிறேன்.

பயம் என்கிறாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காட்டு என்றுதான் அனுப்பினார். சுகமானதைச் சோதித்துச் சொல்லும் வேலை அந்தக் காலத்தில் ஆசாரியனுடையது. இன்றைக்கு அது சளிப் பரிசோதனை செய்கிறவருடையது. பிரசங்கியாரிடம் இதை மரியாதையாகவே சொல்லலாம். லூக்காவும் வைத்தியர்தான், ஞாபகப்படுத்து.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஆறு வயசு மகளுக்கு இருதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறோம். என் அம்மா காளி கோவிலில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்தார். எடுத்துக் குப்பையில் போட்டேன். மூன்று வாரமாக அம்மா எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்தது சரிதானே? – பொட்டட்டாங் வாசகி

பதில்: சரியில்லை மகளே. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, உன் பிள்ளை, உன் வீடு. குப்பையில் போட உரிமை இல்லை. பேத்திக்கு என்ன ஆகுமோ என்று பயந்த கிழவி தனக்குத் தெரிந்த வாசலில் போய் நின்றாள், அவ்வளவுதான். பொட்டலத்தை மடித்து அம்மா கையிலேயே கொடுத்து, "இது எங்களுக்கு வழக்கமில்லை அம்மா" என்று சொல்லியிருக்கலாம்.

மேலே மரியா என்ற குழந்தையைப் பற்றி எழுதினேனே. அவள் பிறந்தபோது அப்பா சிறையில். பிறகு அம்மா நோயில் விழுந்து பால் வற்றிப்போயிற்று. அம்மா காவலர்களுக்கு அன்பளிப்புக் கொடுத்து அனுமதி வாங்க, ஜட்சன் விலங்கும் காலுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய், கைக்குழந்தை உள்ள பர்மியப் பெண்களிடம் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். கொடுத்தார்கள். எந்த மதத்துக்காரி என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து ராத்திரி ராத்திரியாகப் பிள்ளை பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். நீயும் வீட்டுக்காரரும் மட்டும் என்றால் நாலாம் நாள் இருவரும் விழுந்துவிடுவீர்கள். போய் அம்மாவைக் கூப்பிடு. மன்னிப்புக் கேட்கும்போது வேதபாடம் எடுக்காதே. "நெற்றியில் பூசவேண்டாம், ஆனால் நீ வந்து அவளுக்குப் பக்கத்தில் படு" என்று மட்டும் சொல். அவர் மனதுக்குள் யாரைக் கும்பிட்டாலும் கும்பிடட்டும், அது உன் கணக்கில் இல்லை.

மகளையும் கூட்டிக்கொண்டு போ, அவளைப் பார்த்தால் கிழவி தாங்கமாட்டாள். அம்மா மேல்மாடியில் இருந்தால் பிள்ளையைப் படி ஏற்றாதே, மூச்சு வாங்கும். கீழே தொங்குகிற கயிற்றை அவளையே இழுத்து மணி அடிக்கச் சொல். யார் என்று பால்கனியில் எட்டிப் பார்த்தால் தானே இறங்கி வருவார்.