கருத்தடை மாத்திரை தொடங்கும் முன் அந்தத் தலைவலியைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. மகனுக்கு இரண்டு வயது முடிந்து, தாய்ப்பாலும் நிறுத்தியாகிவிட்டது. அடுத்த குழந்தைக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் உடம்பு ஊதிவிடும், அப்புறம் கரு தங்காது என்று மாமியார் பயப்படுகிறார். தொடங்கலாமா டாக்டர்? எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை ஒற்றைத் தலைவலி வரும், அவ்வளவுதான்.

பதில்: 'அவ்வளவுதான்' என்று நீங்கள் முடித்த அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எடையும் அடுத்த குழந்தையும் எல்லோரும் கேட்கிற கேள்விகள். முடிவை மாற்றக்கூடியது அந்தத் தலைவலிதான்.

வலி தொடங்குவதற்கு முன் கண்ணில் மின்னல் போல வளைந்து நெளிந்த கோடுகள் தெரிகின்றனவா? பார்வையில் ஒரு பக்கம் மறைகிறதா? ஒரு கையிலோ முகத்தின் ஒரு பக்கத்திலோ மரத்துப்போய், சில நிமிடங்களில் பேச்சுத் தடுமாறுகிறதா? இவை ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டுப் போகும். பலர் இதைத் தலைவலியின் ஒரு பகுதி என்றே விட்டுவிடுவார்கள். இந்த முன்னறிகுறி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த வழக்கமான மாத்திரை கூடாது. பக்கவாதம் வரும் வாய்ப்பை அது கூட்டும். வெறும் வலியும் குமட்டலும் மட்டும் என்றால், உங்கள் வயதில் மருத்துவரின் கண்காணிப்போடு தொடங்கலாம். அதன் பிறகு தலைவலி அதிகமானாலோ, புதிதாகக் கண்ணில் கோடுகள் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு வந்து பாருங்கள்.

இரண்டாவது பிபி. மாத்திரை தொடங்க ரத்தப் பரிசோதனைப் பட்டியல் எதுவும் தேவையில்லை, பிபி மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு வழிதான். காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் இருந்தாலும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சரி, மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1960-ல் அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி பெற்ற மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30. இந்த அளவில் எடை பெரிதாகக் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்கு முதல் மாதங்களில் நீர் கோத்து லேசாகக் கூடலாம். கரு தங்காது என்பது உண்மை இல்லை. நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் கருமுட்டை வெளியாவது பழையபடி ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில்தான் அடுத்த கர்ப்பம் பல மாதம் தள்ளிப்போகும். இரண்டையும் ஒன்றாகப் பேசி இந்தப் பயம் வளர்ந்திருக்கலாம்.

நிஜமாகவே வரக்கூடியவை குமட்டல், மார்பகங்களில் வலி, இடையிடையே ரத்தக்கசிவு. இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் அடங்கிவிடும், அதனால் முதல் அட்டையிலேயே மனம் விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு வந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

அரிதான ஆபத்து, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவது. ஆண்டுக்கு 10,000 பெண்களில், மாத்திரை சாப்பிடாதவர்களில் 1 முதல் 5 பேருக்கும், சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கும் வரும். கர்ப்பத்தின்போது அது 5 முதல் 20. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம். இன்னொரு பக்கம், உதிரப்போக்கும் வயிற்று வலியும் குறையும். சூலகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பும் குறையும். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் சற்றே கூடும், நிறுத்தியபின் மெல்லக் குறைந்துவிடும்.

மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. தள்ளி ஆரம்பித்தால் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, நிறம் வேறான 7 இரும்புச்சத்து மாத்திரை. ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்றைக்கே இரண்டு போட நேர்ந்தாலும் சரி. ஹார்மோன் மாத்திரையை இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை அவசியம். மறதிதான் இந்த மாத்திரை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

உங்கள் தலைவலிக்கு அந்த முன்னறிகுறி இருந்தால், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி எனக்குப் பிடித்த தேர்வு. ஹார்மோன் இல்லை, வேண்டும்போது எடுத்துவிடலாம். லக்னோவில் உருவான சாயா மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போவது அதில் சகஜம். இரண்டும் அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

மாத்திரை தொடங்கியபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, உடலின் ஒரு பக்கம் செயலிழந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும், முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.